பட்லர் வீட்டில் யாரும் நின்று பரிமாறுவதில்லை

பட்லர் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்கள் முதல் தடவை கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். வந்த விருந்தாளிக்குப் பக்கத்தில் நின்று நாலு கரண்டி போடுவது, அவர் போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்க இன்னொரு கரண்டி கவிழ்ப்பது, இதெல்லாம் அங்கே கிடையாது. சோறும் குழம்பும் மேசை நடுவில் இருக்கும். எல்லோரும் உட்கார வேண்டும். வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஜக் எட்டவில்லையா, "அதை இப்படித் தள்ளுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். யாராவது எழுந்து பரிமாறப் போனால் வீட்டுக்காரம்மா கரண்டியைப் பிடுங்கிவிடுவாள். "உக்காருங்க. இங்க யாரும் யாருக்காகவும் நிக்க வேணாம்" என்பாள். அவளுடைய சொந்த அண்ணனே ஒருமுறை, "என்னம்மா இது, ஓட்டல்ல கூட ஒருத்தன் வந்து என்ன வேணும்னு கேப்பான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். "அப்ப ஓட்டலுக்கே போய்ட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். வாய் அப்படி.

காரணம் பட்லர்தான். அந்தத் தீவைத் துரைமார் ஆண்ட கடைசிக் காலத்தில், மேட்டு பங்களாவில் துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் அவர். வேலைக்குச் சேரும்போது மீசைகூட முளைக்கவில்லை. துரை சாப்பிடுவார், இவர் சுவரோரம் நிற்பார். துரை விரலை அசைத்தால் தண்ணீர், புருவத்தை அசைத்தால் அடுத்த தட்டு. சாப்பாடு முடிந்து அவர்கள் கதை பேசிச் சிரித்து எழுந்து போகும் வரைக்கும் சுவரில் சாயக்கூடக் கூடாது. பிறகு ஒருநாள் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். கொடி மாறியது, தபால்தலை மாறியது, தெருப்பெயர்கள் மாறின. பட்லர் துறைமுகக் கிடங்கில் வேலைக்குப் போனார். ஆனால் அவர் உடம்புக்கு மட்டும் யாரும் விடுதலை அறிவிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் அடுப்படிச் சுவரோரம் நின்றபடி தட்டைக் கையில் ஏந்தித்தான் சாப்பிடுவார். அதுகூடப் பரவாயில்லை. பெண்டாட்டி சாப்பிட உட்கார்ந்தால், ஜக்கை எடுத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "புதுப்பொண்ணுக்குப் பின்னால எமன் மாதிரி ஒருத்தர் நின்னா சோறு இறங்குமாடி?" என்று அவள் பிற்பாடு மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க உக்கார்ற வரைக்கும் நான் சாப்பாட்டுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சோறு ஆறிப்போகும். அவர் உட்காருவார், முள்மேல் உட்காருவதுபோல. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், துள்ளி எழுந்துவிடுவார்.

பிறகு மகள் பிறந்தாள். சாப்பாட்டு நேரம் பார்த்து அம்மா குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டாள். "அசையாதீங்க, முழிச்சுக்கப் போறா" என்றாள். தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படி எழுந்து நிற்பது? அப்படியே உட்கார்ந்திருந்தார். வேளாவேளைக்கு உட்கார்ந்தார். அந்தக் குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள் அவர் நன்றாகவே உட்காரக் கற்றுக்கொண்டார்.

அந்த மகள்தான் பெரிய படிப்புப் படித்தவள். தீவு மக்களின் வாழ்க்கையைத் துரைமார் ஆட்சி எப்படி மாற்றியது என்பது அவள் ஆராய்ச்சி. "மாத்தினாங்கன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே, அதுக்கு ஒரு படிப்பா?" என்று தெருவில் கேட்டார்கள். அம்மா அவளை "புரொபசரம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்தாள், பாதி கேலி, பாதி பெருமை. மகள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசு ஆபீஸ்களில் போய் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். வந்தவர்களுக்கென்று பெஞ்சு போட்டிருந்தது. பெஞ்சு காலியாகக் கிடக்க, மனு கொடுக்க வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால், எதிரே நாற்காலி இருக்க, பெற்றோர் நின்றே பேசினார்கள். சண்டை போடச் சொந்த மொழி, ஒன்றைக் கேட்டு வாங்குவதற்குத் துரை மொழி. கெஞ்சும்போது மட்டும் எல்லோருக்கும் அந்த மொழி தண்ணீர் பட்ட பாடாக வந்தது. துரைமார் போய்விட்டார்கள், நாற்காலிகள் இருக்கின்றன, நாம்தான் இன்னும் உட்காரவில்லை என்று அவள் எழுதினாள்.

அதில் கடைசி அத்தியாயம் அப்பா. ஒரு மனிதரை ஒரு வீடு எப்படி உட்கார வைத்தது என்று எழுதியிருந்தாள். அதை அவள் வாசித்துக் காட்டியபோது அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "இதுக்கா இத்தனை வருஷம்? என்னைக் கேட்டிருந்தா ஒரே வாயில சொல்லியிருப்பேனே" என்றாள்.

மேட்டு பங்களாவை மியூசியமாக மாற்றும் வேலை அந்த மகளிடமே வந்தது. முன்பு தீவை ஆண்டவர்களின் நாட்டிலிருந்து ஒரு அறக்கட்டளை செலவுக்குப் பொறுப்பேற்றது. திறப்பு விழாவுக்கு அவர்களே வருவதாக இருந்தது. சாப்பாட்டு அறையைப் பழையபடி அமைத்தாள் மகள். பெரிய மேசை, உயர்ந்த முதுகு வைத்த நாற்காலிகள், பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பட்லர். அந்த வேடத்துக்கு அக்கரையிலிருந்து ஒரு நாடகக்காரரை ஏற்பாடு செய்திருந்தாள். அவள் பேசுகிற நேரம் முழுக்க அவர் நின்றுகொண்டிருப்பார். பேச்சின் முடிவில் அவள் துரையின் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஐயா, உட்காருங்கள்" என்பாள். அவர் உட்காருவார். அந்த ஒரு நொடிக்காகத்தான் மொத்த ஏற்பாடும்.

கோட்டை அம்மாதான் தைத்தாள். ஊரிலேயே நல்ல தையல்காரி அவள். பித்தளைப் பொத்தான்களை வைத்துத் தைக்கும்போது, "எந்த மடையன் இதை மாட்டிக்கிட்டு நிக்கப் போறான்?" என்று கேட்டாள். "நாடகக்காரர்மா" என்றாள் மகள். "நாடகம்னா சரி" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் அம்மா. திறப்பு விழாவுக்கு வரச் சொன்னபோது மட்டும், "அந்தப் பங்களாப் படியில என் கால் படாது. நீயும் அப்பாவும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

விழா நாளன்று விடிந்ததிலிருந்து கடல் கொந்தளித்தது. விருந்தாளிகள் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டதால் தப்பித்தார்கள். நாடகக்காரர் வரவேண்டிய படகு அக்கரையிலேயே நின்றுவிட்டது. காப்பாட்சியர் கையைப் பிசைந்துகொண்டு அங்குமிங்கும் நடந்தார். மியூசியத்துக்கு அவர்தான் தலைவர், எல்லாவற்றுக்கும் பதறுகிறவர். "பட்லர் இல்லாம எப்படி மேடம்? அழைப்பிதழ்லயே போட்டாச்சே, யாரையாவது நிக்க வைங்க" என்றார்.

மகள் கூடத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கால்மேல் கால். அந்தப் பங்களாவுக்குள் அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் வாழ்க்கையிலும் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அந்தக் கோலத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் மனசு நிறைந்து நின்றுவிட்டு, அப்புறம்தான் அவள் அந்தப் பாவத்தைச் செய்தாள்.

"அப்பா, ஒரு உதவி."

சொன்னாள். வேறு வழி இல்லாமல் இல்லை. கோட்டை ஒரு கம்பியில் மாட்டி வைத்திருக்கலாம். நாடகக்காரர் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம், கடல் கொந்தளித்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள்தானே. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் பேச்சு அவ்வளவு அழகாக அமைந்திருந்தது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"கடைசியில நீங்க உக்காரணும்ப்பா. அதுதான் முக்கியமே. நான் நாற்காலிய இழுத்துப் போட்டு 'ஐயா, உட்காருங்கள்'னு சொல்லுவேன். உடனே உக்காந்துடணும். கொஞ்ச நேரம்தான்."

அப்பா மேலே இருந்த காலைக் கீழே இறக்கினார். "அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தார். அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்தார். "சரி கண்ணு. உனக்கு ஆகணும்னா நிக்கிறேன்" என்று எழுந்தார்.

கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவரோரம் போய் அவர் நின்றதுதான் தாமதம், வயசெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. முதுகு நிமிர்ந்தது, முகவாய் உள்ளே போனது, இடது கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கண் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும் பார்த்தது. இந்த மனிதரை மகள் பார்த்ததே இல்லை. கதையாகக் கேட்டிருக்கிறாள், பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறாள்.

பேசினாள். நன்றாகவே பேசினாள், அதுதான் கொடுமை. காலி பெஞ்சுகளைப் பற்றிச் சொன்னபோது அறையே அடங்கிப்போனது. அறக்கட்டளையின் தலைவியம்மா கைக்குட்டையை எடுத்தார். மகள் முடிவுக்கு வந்து, நாற்காலிப் பக்கம் திரும்பப் போன நேரத்தில், தலைவியம்மா தாங்கமாட்டாமல் எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் காப்பாட்சியர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. துரையின் நாற்காலியில் தலைவியம்மா உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டி மகளைக் கூப்பிட்டார்.

அப்போது அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். சத்தமே இல்லாமல் அந்த நாற்காலியை மகளுக்காகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார்.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். இப்பவா, என்று கேட்டது அந்தக் கண். இரண்டே இரண்டு வார்த்தைதான் சொல்ல வேண்டும். காப்பாட்சியர் அவள் காதோரம் குனிந்து, "அவர் அப்படியே நிக்கட்டும் மேடம். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, கெடுத்துடாதீங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

அப்பா நாற்காலியை அளவாக முன்னால் தள்ளிவிட்டார். டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார். அவள் குடித்தாள். யார் யாரோ போட்டோ எடுத்தார்கள். தலைவியம்மா திரும்பி ஒருமுறை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எவ்வளவு தத்ரூபமாக நிற்கிறார்! இவரை எங்கே பிடித்தீர்கள்?" என்று தன் மொழியில் கேட்டார்.

என் அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்பாவை நிற்க வைத்துவிட்டா நீ உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"உள்ளூர்க்காரர்" என்றாள், அதே மொழியில்.

அந்த மொழியில் அப்பாவுக்குத் தெரியாத சொல் எது? மீசை முளைக்காத வயசிலிருந்து அதைக் காது நிறையக் கேட்டவர். அவர் நகர்ந்து தலைவியம்மாவின் டம்ளரை நிரப்பினார். அவள் வாயில் போட்டது மண்ணா சோறா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் முழுங்கினாள்.

எல்லாம் முடிந்தபின் பாத்திரம் வைக்கிற அறையில் அப்பா கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். "நல்லா நின்னேனா?" என்று கேட்டார். அவள் கோட்டின் மறுமுனையைப் பிடித்து மடித்தாள். அவரே, "நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தக் கூட்டத்துல மறந்துட்ட போல. போகட்டும்" என்றார். தப்பிக்க அவரே வழியும் காட்டிவிட்டார்.

"ஆமாப்பா. மறந்துட்டேன்."

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மா வழக்கம்போல மேசை நடுவில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். மகள் உட்கார்ந்தாள். அம்மா உட்கார்ந்தாள். விழா எப்படி நடந்தது, அவர்கள் என்ன உடுத்திக்கொண்டு வந்தார்கள், கோட்டு நன்றாக இருந்ததா என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள் அம்மா. அப்பனும் மகளும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருந்தார்கள்.

"உன் வேலை நல்லபடியா முடிஞ்சுதா இல்லையா, அதையாவது சொல்லித் தொலையேன்" என்று சோற்றைப் போட்டுக்கொண்டாள். பிசைந்து ஒரு வாய் எடுத்தவளின் கை பாதியில் நின்றது. மேசையில் ஜக் இல்லை.

அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகவாய் உள்ளே போயிருந்தது. இடது கை வயிற்றோடு ஒட்டியிருந்தது. வலது கையில் ஜக். அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அம்மா எடுத்த வாயைத் தட்டிலேயே போட்டாள். திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். அவள் வாய்க்கு அன்றைக்கு ஊரே கேட்கும் என்றுதான் மகள் பயந்தாள். அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் தைச்ச கோட்டை யாரு போட்டா?"

"நானாத்தான் கேட்டேன்" என்றார் அப்பா அவசரமாக. "சும்மா ஒரு ஆசை. அவ வேணாம்னுதான் சொன்னா."

மகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "பொய்ம்மா. நான்தான் நிக்க வெச்சேன்" என்றாள். உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினாள். படகு வராதது, நாற்காலியை இழுத்துப் பிடித்தது, அவள் உட்கார்ந்தது, தண்ணீர் குடித்தது. "உக்காருங்கன்னு சொல்ல மறக்கலம்மா. ஞாபகம் இருந்துச்சு. சொல்லல. யாருன்னு கேட்டாங்க, அப்பான்னு சொல்லல. உள்ளூர்க்காரர்னு சொன்னேன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவ வேலை அப்படி. அதைப் போய் ஒரு பெரிய விஷயமா... அந்த மியூசியம் சாரும் வாராவாரம் வந்து நிக்க முடியுமான்னு கேட்டாரு. இவளுக்கு உதவியா இருக்கும்னா..."

"வேணாம்ப்பா!" என்று கத்திவிட்டாள் மகள்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உன்ன அவர் மடியில போட்டுத்தான்டி அந்த மனுஷன உக்கார வெச்சேன்" என்றாள். "நீ எந்திரிச்சா அவரும் எந்திரிச்சுடுவாரேன்னு, நீ அழுதாக்கூட எடுக்க மாட்டேன். பச்சப் புள்ள, பசியில கத்தும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு பாத்துக்கிட்டு நிப்பேன்."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பா, உக்காருங்கப்பா."

பங்களாவில் சொல்ல வேண்டிய வார்த்தை. அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை அன்பான சிரிப்பு. ஒரு விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"இருக்கட்டும் கண்ணு. நீங்க சாப்பிடுங்க. எனக்குக் கால் வலிக்கல."

அம்மா கையைக் கழுவினாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க உக்கார்ற வரைக்கும் நான் சாப்பாட்டுல கை வைக்க மாட்டேன்" என்றாள். பழைய குரல் இல்லை, பழைய தெம்பும் இல்லை. முழங்கால் வலிக்கு மாத்திரை போட வேண்டிய வேளை வேறு.

மகளும் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இனி அவள் மடியில் இருக்கிற குழந்தை இல்லை. உட்கார வைக்க அவளிடம் வேறு வழி எதுவும் இல்லை.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஜக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சோறு ஆறுதே" என்றார்.

"ஆறட்டும்" என்றாள் அம்மா.